பெயர் கூப்பிடாமல் கொடுப்போம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



அடுத்த மாதம் நம் சபையின் அறுப்பின் பண்டிகை. வழக்கம்போலக் கேழ்வரகும் அவரையும் தேங்காயும் நாட்டுக்கோழியும் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். இவ்வாண்டு அந்தக் காணிக்கையின் பெரும்பகுதியை, நம் பகுதிக்கு வந்து வாழ்கிற அந்நியருக்குப் பகிர்ந்து கொடுப்பதென்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. ஊத்தங்கரைக்கு அருகே பாம்பாறு அணையை ஒட்டிய முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு சாரார். சிப்காட் ஆலைகளையும் கட்டட வேலைகளையும் நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அண்மையில் வந்து, ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கிற தொழிலாளர்கள் மற்றொரு சாரார்.

கமிட்டியில் எவ்வளவு கொடுப்பது என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் பேசவில்லை. தலைமை வகித்த நானும் பேசவில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணமான ஒரு பழைய நிகழ்வை இவ்வாரம் உங்கள்முன் அறிக்கையிட விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நான் ஊழியம் செய்த நாட்களில், அருகிலிருந்த ஓர் இலங்கைத் தமிழர் முகாமுக்குக் கிறிஸ்துமஸ் உதவி வழங்க ஏற்பாடு செய்தோம். நிறைவாகவே செய்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு போர்வை, ஒரு சேலை, ஐந்து கிலோ அரிசி, ஒரு கேக். மேடை போட்டோம், பேனர் கட்டினோம், சிறப்பு விருந்தினரை அழைத்தோம். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரும் வாசிக்கப்பட, அவர்கள் வரிசையாக மேடையேறினார்கள். பொருளின் ஒரு முனையை விருந்தினரும் மறுமுனையை வாங்குபவரும் பிடித்துக்கொள்ள, இருவரும் புகைப்படக்காரரைப் பார்க்கும்வரை பொருள் கைமாறவில்லை. இதை நீங்களும் பல மேடைகளில் கண்டிருப்பீர்கள்.

ஒரு தாயின் பெயர் வாசிக்கப்பட்டது. அவர் தம் மகளோடு வந்தார். அந்தப் பெண்பிள்ளை பள்ளிச் சீருடையில் இருந்தாள். பதினோராம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ இருக்கலாம். மேடையின் படிவரை வந்தவள், தாயின் கையை விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள். "பிள்ளையையும் கூப்பிடுங்கள், படத்துக்கு நன்றாயிருக்கும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. சபையாரே, அந்தக் குரல் என்னுடையது.

நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "ஐயா, சாமான் எல்லாம் நல்ல சாமான். நீங்கள் நல்லாயிருக்க வேணும். ஒண்டு மட்டும் கேக்கலாமோ? பேர் கூப்பிடாமல் தர ஏலாதோ? இந்தக் கரைக்கு வந்த நாளில இருந்து பேர் கூப்பிடக் கூப்பிடத்தான் நாங்கள் எழும்பி நிக்கிறம்" என்றார்.

முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்தச் சொற்களின் பாரம் விளங்கும். குறித்த நாளில் அதிகாரிகள் வந்து பெயர் வாசிப்பார்கள். குடும்பம் முழுவதும் அங்கே இருந்து கணக்குக் கொடுக்க வேண்டும். வெளியூரில் வேலைக்குப் போனவரும் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். உதவித்தொகைக்குப் பெயர், அரிசிக்குப் பெயர், வெளியே போக அனுமதிக்குப் பெயர். அந்த வரிசைகளோடு ஆண்டவருடைய பிறப்பின் நாளிலே நான் இன்னொரு வரிசையைச் சேர்த்திருந்தேன்.

"அடுத்த வருஷம் பார்ப்போம், அம்மா" என்றேன். அடுத்த ஆண்டு எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. அந்தத் தாய்க்கு நான் தரவேண்டிய பதில் இன்னும் கடனாகவே இருக்கிறது.

பிரியமானவர்களே, இவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் நினைவுகூருவோம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் படகுகளில் நம் கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1990-இல் மறுபடியும் போர் மூண்டபோது பெருந்திரளாக வந்தார்கள். அதன் பின்னும் போர் நின்ற 2009 வரை அலையலையாக வந்தார்கள். எல்லாமாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டின் மனம் மாறியது. அடைக்கலம் தேடி வந்த சாதாரண மக்களும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. பலர் திரும்பிப் போனார்கள். பலர் இங்கேயே தங்கினார்கள். 2021-இல் அரசு வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 58,000 பேர் 108 முகாம்களில் இருந்தார்கள். அவ்வாண்டுதான் "அகதிகள் முகாம்" என்ற பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றப்பட்டது. இடிந்த வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மாத உதவித்தொகையும் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நன்றியோடு இதைச் சொல்லுகிறேன். ஆயினும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்தவர்களிலும் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை.

வருகை அத்தோடு நிற்கவும் இல்லை. 2022-ஆம் ஆண்டு இலங்கையில் அரிசியும் பால்மாவும் எரிபொருளும் வாங்க முடியாமல் போனபோது, மார்ச் 22 அன்று 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தைப் படகுக்காரர் கடல் நடுவே ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்; கடலோரக் காவல்படையினர் அவர்களை மீட்டபோது, அவர்களுடைய கையில் நான்கு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அவர்களெல்லாம் மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்த மண்டபம் முகாமின் பழைய வரலாறு நமக்கு ஒரு பாடம். வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. திருச்சி, மதுரை, தஞ்சாவூர் ஜில்லாக்களோடு சேலம் ஜில்லாவிலிருந்தும் ஏழை ஜனங்கள் அந்த வழியாகப் போனார்கள். 1965 வரைக்கும் நம் மத்தூரும் இந்தக் கிருஷ்ணகிரிப் பகுதி முழுவதும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. அன்று பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர்கள் நின்ற முற்றத்திலேதான், ஒரு நூற்றாண்டு கழித்து, போருக்கும் பசிக்கும் தப்பி வந்தவர்கள் நின்றார்கள். இஸ்ரவேலர் எகிப்திலே அந்நியராயிருந்ததை நினைத்துக்கொள்ளும்படி கர்த்தர் திரும்பத் திரும்பச் சொன்னார் அல்லவா? நமக்கும் ஓர் எகிப்து உண்டு. அது தேயிலைத் தோட்டமாயிருந்தது. இன்று வளைகுடா நாடாகவும் பெங்களூரின் கட்டட வேலையாகவும் இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வேதம் இவர்களுக்கு வைத்த பெயர் "பரதேசி". நம் தெருவில் அது வசைச்சொல். வேதத்திலோ அது கர்த்தருடைய பாதுகாப்பைப் பெற்றவரின் பெயர். உபாகமம் பத்தாம் அதிகாரத்தில், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயஞ்செய்கிற தேவன், பரதேசியை நேசித்து அவனுக்கு உணவும் உடையும் கொடுக்கிறவர் என்று மோசே சொல்லுகிறார். உணவு, உடை ஆகிய இரண்டும் அங்கே நேசிப்பதற்குப் பின்பே வருகின்றன.

தேவன் எப்படிக் கொடுக்கச் சொன்னார்? லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தையும் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. மறந்துவிட்டு வந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. ஒலிவமரத்தை இரண்டாம் முறை உதிர்க்கக் கூடாது. அவை பரதேசிக்கும் திக்கற்றவருக்கும் விதவைக்கும் உரியவை. கவனியுங்கள்: விளைந்ததை அறுத்துக் களத்தில் குவித்து, ஏழைகளை வரிசையில் நிறுத்தி அளந்து கொடுங்கள் என்று சட்டம் சொல்லவில்லை. வயலுக்குச் சொந்தக்காரன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்; வந்தவர் தாமே குனிந்து, தம் கையாலே அறுத்து, தம் உழைப்பின் பலனாகவே வீட்டுக்கு எடுத்துப் போவார். அவர் யாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஏனெனில் அந்த ஓரம் வயற்காரனுடைய தயவால் அல்ல, கர்த்தருடைய கட்டளையால் அவருக்கு உரியது.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரம் காட்டுகிறது. ரூத் மோவாபிய ஸ்திரீ, புதிதாக வந்தவள், ஒரு பழைய பகையுள்ள ஜாதியைச் சேர்ந்தவள். அவள் போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அவன் அவளை அழைத்துப் பெயர் வாசிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லுகிறான். வேலைக்காரர் அவளைத் தொடக்கூடாது என்று எச்சரிக்கிறான். சாப்பாட்டு வேளையில் தன் ஆட்களோடு பந்தியில் உட்காரச் செய்கிறான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு மீதியும் வைக்கிறாள். பின்பு அவள் எழுந்து போனபோது, வேலைக்காரரிடம் ஓர் இரகசியக் கட்டளை கொடுக்கிறான்: கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே நழுவவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை வெட்கப்படுத்தவோ அதட்டவோ வேண்டாம். சாயங்காலம் அவள் தட்டி எடுத்தது ஓர் எப்பா அளவு வாற்கோதுமை. ஏறத்தாழ 22 லிட்டர். ஒரு நாள் பொறுக்கியதற்கு அது மிகவும் அதிகம். நகோமி வியப்படைகிறாள். ரூத்துக்கோ, தன் காலடியில் அத்தனை கதிர்கள் எப்படி விழுந்தன என்பது அன்றைக்குத் தெரிந்ததாக வேதம் சொல்லவில்லை.

போவாஸ் அந்தக் கோதுமையை மூட்டையாகவே கொடுத்திருக்கலாம். கொடுக்கும் சக்தி அவனுக்கு இருந்தது. ஆனால் அவள் தலைகுனியாமல் வீடு திரும்ப வேண்டும் என்று அவன் கவலைப்பட்டான். அவர்களுடைய சந்ததியிலே தாவீதும், மாம்சத்தின்படி நம் ஆண்டவரும் வந்தார்கள்.

யூதப் போதகரின் மரபுகளைத் தொகுத்த மிஷ்னா என்னும் நூல், எருசலேம் தேவாலயத்தில் இரகசியக் காணிக்கைக்கென்று ஓர் அறை இருந்ததைச் சொல்லுகிறது. கொடுக்க மனமுள்ளவர் யாரும் பார்க்காமல் அதில் வைப்பார்கள். வாழ்ந்து கெட்ட குடும்பத்தார் யாரும் பார்க்காமல் அதிலிருந்து எடுப்பார்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற பொருளில் மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் போதித்தபோது, இப்படிப்பட்ட வழக்கங்கள் அறிந்த ஜனங்களிடமே பேசினார்.

இதை நாம் முற்றிலும் அறியாதவர்களும் அல்லர். நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற கைப்பிடி அரிசியை எண்ணிப் பாருங்கள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லாருடைய அரிசியும் ஒரே மூட்டையில் கலந்த பிறகு, எது யாருடைய பிடி என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த எளிய வழக்கத்தில் இருக்கிற ஞானம் நாம் போடுகிற மேடையில் இல்லை.

ஆகவே சபையாரே, கமிட்டியை மறுபடியும் கூட்டினேன். ஒரு மூப்பர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, படம் இல்லாவிட்டால், வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் எப்படி நம்புவார்கள்?" அதற்கு அப்போஸ்தலனாகிய பவுலே வழிகாட்டுகிறார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைக் கொண்டுபோக, சபைகள் தெரிந்தெடுத்த நற்சாட்சியுள்ளவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்குமுன் மாத்திரமல்ல, மனுஷருக்குமுன்பும் குற்றமற்றிருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். எனவே ரூபாய்க்கு ரூபாய் கணக்கு எழுதி, இரண்டு பேர் தணிக்கை செய்து, ஆலயக் கதவில் ஒட்டுவோம். கணக்கைக் காட்டுவோம், வாங்குகிறவர்களின் முகத்தைக் காட்டமாட்டோம். மூப்பர் சற்று நேரம் யோசித்து, "அப்படியானால் சரி" என்றார்.

இவ்வாண்டு பண்டிகை இப்படி நடக்கும். மேடை இருக்காது. பெயர்ப்பட்டியலும் வாசிக்கப்படாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையைப்போல ஆலய வளாகத்தில் மேசைகள் போட்டு, தானியம், காய்கறி, போர்வை, பாத்திரம், நோட்டுப்புத்தகம் எல்லாவற்றையும் விலை எழுதி வைப்போம். அன்று ஏலம் இல்லை. பணமும் அங்கே செல்லாது. சீட்டு மட்டுமே செல்லும். நாம் பணம் கொடுத்து முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொள்வோம். விருந்தினருக்கு அதே சீட்டு, அதே நிறத்தில், உறையில் போட்டு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கும். மேசைமுன் நிற்பவர் எந்த வழியில் சீட்டைப் பெற்றார் என்று அங்கே ஒருவரும் கேட்கக் கூடாது. தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்துகொண்டு எடுத்துப் போகட்டும். போர்வை வேண்டாதவருக்குக் குக்கர் தேவைப்படலாம். அது அவருக்குத்தான் தெரியும்.

அந்த உறைகளை யாருக்கு எத்தனை என்று பிரிக்கும் பொறுப்பு நம்முடையதன்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க பாஷை பேசின விதவைகள் அன்றாடப் பகிர்வில் அசட்டை செய்யப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. சபை ஏழு பேரைத் தெரிந்துகொண்டது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்தாரிடமே பந்தி விசாரிப்பை ஆதிச்சபை ஒப்படைத்தது என்று வேத அறிஞர் பலர் இதிலிருந்து அறிகிறார்கள். அவ்வாறே முகாமிலிருந்து இரண்டு தாய்மாரும், ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளரில் இரண்டு பேரும் இந்தப் பொறுப்பை ஏற்க இசைந்திருக்கிறார்கள். மேசைகளிலும் விலையை அவர்களுடைய எழுத்தில் சேர்த்து எழுதுவோம்.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். நீங்கள் ஆலயத்துக்கு உடுத்தி வரத் தயங்குகிற பழைய துணியைக் கொண்டுவராதிருங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுக்காதிருங்கள். மதிய உணவில் உங்கள் உறவினரோடு சேர்ந்து உட்காராமல், முன்பின் அறியாத ஒருவர் அருகே இலை போட்டு உட்காருங்கள். போவாஸ் ரூத்தைத் தூரத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு அனுப்பவில்லை.

இன்னும் ஒன்று. முகாமின் தாய்மார் அன்றைய பந்திக்குத் தாங்களும் ஏதாவது சமைத்துத் தர வேண்டும் என்று கேட்டார்கள். "வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்று சொல்ல வாயெடுத்தேன், ஆவியானவர் தடுத்தார். மிகுந்த தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகள், தங்களுக்கும் கொடுக்கிற பாக்கியம் வேண்டும் என்று பவுலை வருந்திக் கேட்டுக்கொண்டதாக அவர் எழுதுகிறார். சமாரிய ஸ்திரீக்கு ஜீவத்தண்ணீரைத் தர வந்த ஆண்டவர், முதலில் அவளிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். ஒருவரிடம் எப்போதும் கொடுத்துக்கொண்டே மட்டும் இருப்பதும் அவரைத் தாழ்த்துவதே. ஆகவே அன்று நம் இலைகளில் அவர்கள் வைக்கிற சொதியும் தேங்காய்ச் சம்பலும் இருக்கும். நன்றி சொல்லி வாங்கிச் சாப்பிடுங்கள்.

அந்நியனாயிருந்தபோது தம்மைச் சேர்த்துக்கொண்டவர்களையும் சேர்த்துக்கொள்ளாதவர்களையும் நியாயத்தீர்ப்பின் நாளில் ஆண்டவர் பிரிப்பார் என்று மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவரே கைக்குழந்தையாய் எகிப்துக்கு ஓடியவர். அன்றைக்கு நான் ஒலிபெருக்கியில் கூப்பிட்ட அந்தப் பெண்பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாளோ, அறியேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. ஆனால் அவளைப்போல ஒரு பிள்ளை அடுத்த மாதம் நம் ஆலய வாசலுக்கு வருவாள். அவள் தன் தாயின் கையை விடாமலே உள்ளே வரட்டும்.

ஜெபிப்போம். பரம பிதாவே, எங்கள் வயலும் எங்கள் அறுப்பும் உம்முடையவை. கொடுப்பதிலும் எங்களையே உயர்த்திக்கொண்ட பாவத்தை எங்களுக்கு மன்னியும். எங்கள் நடுவே தங்கியிருக்கிற பரதேசியின் தலை குனியாதபடி எங்கள் கைகளை நடத்தும். அவர்கள் மூலமாக நீர் எங்களுக்குத் தருவதை வாங்கிக்கொள்ளும் தாழ்மையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்